கன்சர்வேஷன்: பாதுகாப்பா, பேணலா?

அமெரிக்க வேளாண் செய்தியைத் தமிழில் எழுதும்போது 'கன்சர்வேஷன்' என்ற இந்த ஒரு சொல்லில் இடறாதவர் குறைவு. 'பாதுகாப்புத் திட்டங்களுக்கு நிதி வெட்டு' என்று போட்டால் வாசிப்பவருக்கு ராணுவம்தான் நினைவுக்கு வரும். பேச்சு என்னவோ மண்ணைப் பற்றியது.

மூலம் லத்தீன். 'செர்வாரே' என்றால் காத்து வைத்திருத்தல். முன்னால் வரும் 'கான்' அதற்கு அழுத்தம். இயற்கை வளத்தோடு சேர்த்து இச்சொல்லைப் பரப்பியவர் அமெரிக்க வனத்துறைத் தலைவராக இருந்த கிஃபோர்ட் பின்ஷோ. 1907 வாக்கில் பெயர் தேடியபோது, பிரிட்டிஷ் இந்தியாவின் வனக் கோட்டங்களுக்கு இருந்த 'கன்சர்வன்சி' என்ற பெயர்தான் வழிகாட்டியது என்று அவரே எழுதியிருக்கிறார். சென்னை மாகாணத்தில் 1856-இலேயே ஹியூ கிளெக்ஹார்ன் வனக் கன்சர்வேட்டர் ஆகிவிட்டார். அதே கன்சர்வன்சி நம் நகராட்சிகளில் குப்பை அள்ளும் பிரிவின் பெயராகவும் இருந்து, தமிழில் 'துப்புரவு' ஆனது தனிக் கதை.

வயலுக்கு இச்சொல் அழுத்தமாக வந்தது 1930களில். அமெரிக்கச் சமவெளி மாநிலங்களின் மேல்மண் புழுதியாகக் கிளம்பி வாஷிங்டன் வரை பறந்தது. 1935 ஏப்ரலில் மண் அரிப்பைத் தடுக்கச் சட்டம் வந்தது, ஹியூ பென்னட் தலைமையில் மண்ணுக்கென்றே ஒரு துறையும் வந்தது. 1994 முதல் அதற்கு 'நேச்சுரல் ரிசோர்சஸ் கன்சர்வேஷன் சர்வீஸ்', சுருக்கமாக என்.ஆர்.சி.எஸ்., என்று பெயர்.

அந்தத் துறையின் அலுவலர் விவசாயியோடு வயலில் நடந்து, நீர் எங்கே அரிக்கிறது, எங்கே புல்பட்டை விடலாம் என்று பார்த்து எழுதித் தருவார். பெரும்பாலும் விவசாயி முதலில் தன் கைக்காசைப் போட்டு வேலையை முடிக்க வேண்டும். அலுவலர் வந்து பார்த்துச் சரி என்றால்தான் அரசின் பங்கு கைக்கு வரும். ஆள் இல்லையென்றால் ஒதுக்கிய பணமும் கணக்கிலேயே கிடக்கும். 2022-இன் பணவீக்கக் குறைப்புச் சட்டம் இந்த வேலைகளுக்கு ஒதுக்கிய நிதி 2025 தொடக்கத்தில் முடக்கப்பட்டபோது, வேலையை முடித்தவர்கள்கூடக் காத்திருந்தார்கள். அதே ஆண்டில் வேளாண் துறையிலிருந்து சுமார் 15,000 பேர் விலகல் திட்டத்தை ஏற்று வெளியேறினார்கள். நிதியை மட்டும் காப்பாற்றினால் போதாது, பணியிடங்களையும் காப்பாற்றுங்கள் என்று விவசாயிகள் கேட்பது இதனால்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? வேலி போட்டு ஆளை விலக்கினாலும் பாதுகாப்புதான். இங்கே நடப்பது வேறு: உழுது, விதைத்து, அறுத்துக்கொண்டே மண்ணைக் கெடாமல் வைத்திருப்பது. அதற்குப் 'பேணல்' இருக்கிறது. 'தந்தை தாய்ப் பேண்' என்றபோது ஔவை பூட்டி வைக்கச் சொல்லவில்லையே. மண் பேணல், நீர் பேணல் என்று ஒட்டுவதும் எளிது. அலுவலரைப் 'பேணுநர்' எனலாம். வனத்துறையில் 'வனப் பாதுகாவலர்' வேரூன்றிவிட்டது, அதை அசைக்க வேண்டாம்.

ஒரு சிக்கல் மட்டும் மீதி. 'பிளான்', 'புரோகிராம்' இரண்டுமே நமக்குத் 'திட்டம்'. அரசின் மானிய ஏற்பாட்டைப் 'பேணல் திட்டம்' என்றும், ஒரு வயலுக்கென்று எழுதித் தரும் தாளைப் 'பேணல் வரைவு' என்றும் நான் பிரித்து எழுதுகிறேன்.