உயிர்ப்புத்திறன்: ஒளிர்சாயம் எதை அளக்கிறது?

ஆய்வகச் செய்திகளைத் தமிழில் தரும் இணையப் பக்கங்கள் சிலவற்றில் ‘செல் நம்பகத்தன்மை’ என்றொரு தொடர் தென்படுகிறது. உயிரணு உயிரோடு இருக்கும் திறனைக் குறிக்கும் ‘வயபிலிட்டி’ என்பதற்கு இயந்திர மொழிபெயர்ப்பு தந்த சொல் அது. ஒரு திட்டம் தேறுமா, நடைமுறைக்கு ஒத்துவருமா என்ற பொருளில் வணிகத்தில் வழங்கும் ‘வயபிலிட்டி’யை உயிரியலுக்குள் கொண்டுவந்ததால் நேர்ந்த பிழை இது. உண்மையில் உயிரைக் குறித்த பொருளே முந்தியது. உயிர், வாழ்வு எனப் பொருள்படும் இலத்தீனச் சொல் ‘வீட்டா’. அதன் வழிவந்த பிரெஞ்சுச் சொல் ‘வீ’. அதிலிருந்து பிறந்த ‘வயபிள்’ என்னும் சொல் முதலில், பிறந்த சிசு பிழைத்து வாழத்தக்கதா என்பதையே குறித்தது. திட்டங்களுக்கும் வணிகத்துக்கும் அது பின்னர்தான் சென்றது.

தமிழில் உயிர்வாழ்திறன், உயிர்ப்புத்திறன் என்னும் இரண்டும் பொருந்தும். முன்னது எளிதில் விளங்கும். ஆயினும் ‘எவ்வளவு காலம் வாழும்’ என்ற எண்ணத்தையும் எழுப்பிவிடுகிறது. பின்னதே எனக்கு உகந்தது. ‘உயிர்ப்பு’ என்பதற்கு மூச்சு என்பது பழைய பொருள். பெருமூச்சு ‘நெட்டுயிர்ப்பு’ எனப்பட்டது. உயிரணுவின் உள்ளே வேதிவினைகள் ஓயாது நடைபெறுவதை உணர்த்த இதைவிட நெருங்கிய சொல் கிடைப்பது அரிது. (செல், உயிரணு என்று இங்கே எழுதுவதை இலங்கைப் பாடநூல்கள் ‘கலம்’ என்கின்றன, அங்குள்ளோர் கலத்தின் உயிர்ப்புத்திறன் என்று எழுதலாம்.)

இத்திறனை அளக்க உதவும் சாயங்களின் பண்பைக் குறிக்கும் ‘ஃபுளோரசென்ஸ்’ என்ற சொல்லின் வேரில் ஒளியே இல்லை. குயினைன் கரைசலின் மீது கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர் பட்டதும் நீல ஒளி வெளிப்படுவதை ஆராய்ந்த இயற்பியலாளர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், 1852இல் அதற்குப் பெயர் தேடி, அப்பண்பு கொண்ட ஃபுளோர்ஸ்பார் என்னும் கனிமத்தின் பெயரை எடுத்துக்கொண்டார். அக்கனிமம் அப்பெயரைப் பெற்றதோ, உலோகத்தை உருக்கும்போது கசடு எளிதில் ஓட உதவியதால்; ‘ஓடுதல், பாய்தல்’ என்பதே அதன் இலத்தீன வேர். எனவே வேரைப் பெயர்த்து ஆக்குவதில் பயனில்லை. ஒளி பட்டதும் ஒளிர்ந்து, அது நின்றதும் ஏறக்குறைய அக்கணமே அடங்குவது ‘உடனொளிர்வு’. ஒளி நின்ற பின்னும் நீடிப்பது ‘நின்றொளிர்வு’. இவ்விணையில் வேறுபாடு தெளிவாக நிற்பதால் உடனொளிர்வு என்பதையே கொள்ளலாம். கூட்டுச்சொல்லில் ‘உடனொளிர் சாயம்’ எனவும், இடம் தெரிந்த பின் சுருக்கி ‘ஒளிர்சாயம்’ எனவும் எழுதலாம். ‘ஒளிரும் நிறமி’ என்பது இங்கே பொருந்தாது. நிறமி கரையாத் துகளாக நிற்பது, சாயமோ கரைந்து ஊடுருவுவது.

ஊடுருவுவதில்தான் சூட்சுமமும் இருக்கிறது. ஃபுளோரசீன் டைஅசிட்டேட் என்னும் பொருள் தானாக ஒளிர்வதில்லை. மின்னூட்டமற்றதாதலால் உயிரணுவின் சவ்வைக் கடந்து எளிதாக உள்ளே செல்கிறது. உள்ளே எஸ்டரேஸ் நொதிகள் அதன் அசிட்டேட் பகுதிகளைக் கத்தரித்ததும் எஞ்சும் ஃபுளோரசீன் பச்சையாக ஒளிர்கிறது. அது மின்னூட்டம் பெற்றதாதலால் சவ்வைக் கடந்து விரைவில் வெளியேற முடிவதில்லை. ரோட்மன், பேப்பர்மாஸ்டர் என்னும் ஆய்வாளர்கள் 1966இல் இதை விரிவாக விளக்கினர். ஃபுளோரசீன் மெல்லக் கசிந்துவிடும் என்பதால் இப்போது அதே முறையில் இயங்கும் கால்சீன்-ஏஎம் என்னும் சாயம் பெரிதும் பயன்படுகிறது. அது நெடுநேரம் உள்ளே தங்கும். இதற்கு நேர்மாறானது புரோப்பிடியம் அயோடைடு. முழுமையான சவ்வை அது கடப்பதில்லை. சவ்வு சிதைந்த உயிரணுவில் மட்டுமே நுழைந்து, டிஎன்ஏ இழைக்குள் செருகிக்கொண்டு, ஏறத்தாழ 617 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பாகப் பன்மடங்கு ஒளிர்கிறது. இவ்விரு வகையையும் சேர்த்து இட்டால் நுண்ணோக்கியில் பச்சையும் சிவப்பும் பிரிந்து தெரியும். பச்சையை மொத்த எண்ணிக்கையால் வகுத்து நூற்றால் பெருக்குவதே உயிர்ப்புத்திறன் விழுக்காடு.

ஆயினும் சாயம் உயிரையே நேராகக் காண்பதில்லை. ஒன்று நொதி வேலை செய்கிறதா என்கிறது. மற்றொன்று சவ்வு சிதைந்துள்ளதா என்கிறது. தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் தன்னழிவின் (அப்போப்டோசிஸ்) தொடக்கத்தில் இருக்கும் உயிரணுவின் சவ்வு இன்னும் சிதையாததால் அது சிவப்பாவதில்லை. மின்துடிப்பால் சவ்வில் தற்காலிகமாகத் துளை திறக்கப்பட்ட உயிரணுவோ, பிழைக்கக்கூடியதாயினும் சிவப்பாகிவிடலாம். பால்பண்ணைகளில் பாலின் தரம் காணப் பயன்பட்டுவந்த ரெசாசுரின் மூன்றாவது வழியைக் காட்டுகிறது. வளர்சிதை மாற்றம் நடக்கும் இடத்தில் அந்த நீலச்சாயம் ஒடுக்கமடைந்து (எலக்ட்ரான்களைப் பெற்று), இளஞ்சிவப்பாக ஒளிரும் ரெசோருஃபின் ஆகிறது. மூன்றனுள் ‘உயிர்ப்பு’ என்ற சொல்லுக்கு மிக அருகில் நிற்பது இதுவே எனலாம்.

நுண்ணுயிரியலில் இச்சொல்லுக்கு வேறொரு சோதனையும் உண்டு. வளர்ப்பூடகத்தில் பரப்பி, பெருகித் திரள் (காலனி) உண்டானால்தான் பாக்டீரியா உயிருள்ளது என்று நெடுங்காலம் கொண்டிருந்தனர். காலரா பாக்டீரியாவும் ஈ.கோலையும் ஊடகத்தில் வளராத நிலையிலும் உயிரோடு இருக்கின்றன என்பதை நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல்லின் ஆய்வுக்குழு 1982இல் எடுத்துக்காட்டியது. ‘உயிர்ப்புள்ள, ஆனால் வளர்க்கவியலாத’ நிலை என்று அதைத் தமிழில் சொல்லலாம். அதனால்தான் ஆய்வறிக்கையில் உயிர்ப்புத்திறன் இவ்வளவு விழுக்காடு என்று எழுதும்போது, எந்தச் சாயத்தால் அளந்தது என்பதையும் அதே வரியில் எழுத வேண்டியிருக்கிறது.