வியாழன் கதிருக்குப் பயந்து கரண்ட் சிகிச்சையை நிறுத்தாதீர்கள்

கோயம்புத்தூரில் புற்றுநோய்க் கதிர்வீச்சுப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளராக வேலை செய்கிறேன். ‘கரண்ட் வைக்கிறது’ என்று நம் பக்கத்தில் சொல்வார்களே, அந்த இயந்திரம் கொடுக்கும் அளவைக் கணக்கிட்டுச் சரிபார்ப்பது என் பொறுப்பு. சத்தியமங்கலம் பக்கத்து அம்மா ஒருவர் பாதி சிகிச்சையில் வராமல் நின்றுவிட்டார். போன் போட்டேன். மகன் எடுத்தார். “ஏனுங்க மேடம், குருப்பெயர்ச்சிக்கு குரு காந்த எல்லையத் தாண்டி வர்றாராம், கதிரு பூமி மேல விழுகுதாம். இதுல கரண்டும் வெச்சா அம்மா ஒடம்பு தாங்குமுங்களா?”

வாட்ஸ்அப்பில் வந்த செய்தி. இதை நம்பி நின்றவர்களில் இவர் முதல் ஆளும் இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

அந்தச் செய்தியில் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதுதான் வில்லங்கம். வியாழனைச் சுற்றி மிகப் பெரிய காந்தக்கோளம், அதாவது அதன் காந்தப் புலம் ஆளும் பகுதி, இருக்கிறது. சூரியக் காற்று (சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னூட்டத் துகள்கள்) வந்து மோதும் பக்கத்தில் அதன் எல்லை கோளிலிருந்து சுமார் 30 முதல் 70 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும். காற்று வலுத்தால் ஒடுங்கும், தளர்ந்தால் விரியும். 1973இல் பயோனியர் 10 விண்கலம் உள்ளே நுழைந்த பிறகு எல்லை சுருங்கிவிட, அது மறுபடி வெளியே நின்று, இரண்டாம் முறை நுழைய வேண்டியிருந்தது. கோளை நெருங்க நெருங்க எலக்ட்ரான்கள் மிகக் கொடியவை. 2016இல் அங்கே போய்ச் சேர்ந்த ஜூனோ விண்கலத்தின் மின்னணுக் கருவிகளை ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள டைட்டானியம் பெட்டிக்குள் வைத்துத்தான் அனுப்பினார்கள்.

ஆனால் அந்த எல்லை கோளோடு கூடவே நகர்கிறது. வியாழன் அதைத் தாண்டி எங்கே வருவது? குருப்பெயர்ச்சி என்பது பூமியிலிருந்து பார்க்கும்போது வியாழன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்கு மாறுவது. ராசி எல்லைக்கும் காந்த எல்லைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கோயிலுக்குப் போங்கள், அர்ச்சனை செய்யுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை.

எனக்குப் பொறுக்காதது ‘கோள் பக்கத்தில் வந்தால் கதிர் ஜாஸ்தி அடிக்கும்’ என்ற நினைப்புதான். முதலில், பக்கம் என்பதே 59 கோடி கிலோமீட்டர். அப்புறம், இந்தத் துகள்கள் விளக்கு வெளிச்சம் போல நேராக வருபவை அல்ல. மின்னூட்டம் இருப்பதால் காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுழன்றபடிதான் நகர முடியும். வியாழனின் எல்லையிலிருந்து கசியும் எலக்ட்ரான்களில் சில பூமிக்கு அருகே வருவது உண்மை, செயற்கைக்கோள்கள் பதிவு செய்திருக்கின்றன. அவை சூரியனிலிருந்து சுருளாக விரியும் காந்தக் கோடுகளைப் பிடித்து வருகின்றன. சுமார் 13 மாதங்களுக்கு ஒருமுறை அந்தச் சுருள் இரண்டு கோள்களையும் இணைக்கும்போது எண்ணிக்கை கூடும். வியாழன் நமக்கு மிக அருகில் இருக்கும் நாள் அதுவல்ல.

சரி, வந்தவை நம் மேல் விழுமா? அவற்றின் ஆற்றல் சில மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். எங்கள் இயந்திரத்திலும் இதே ரகம் உண்டு. 6 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் என்றால் தண்ணீரில் சுமார் 3 சென்டிமீட்டர் போய் நின்றுவிடும். நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றோ 10 மீட்டர் தண்ணீருக்குச் சமம்.

விண்வெளித் துகள்களைக் கண்காணிக்கும் ஆய்வுக்கூடம் நமக்குப் பக்கத்தில் ஊட்டியிலேயே இருக்கிறது, பெயர் கிரேப்ஸ்-3. 2015 ஜூன் 22 அன்று இரண்டு மணி நேரம் மியூவான்கள் என்ற துகள்கள் கூடியதை அது பதிவு செய்தது. அதற்குக் காரணம் சூரியன் வீசிய பிளாஸ்மா மேகம், அதாவது மின்னூட்டத் துகள்களின் மேகம். வியாழன் அல்ல.

இந்தப் பயத்தை வைத்து ‘கதிர்வீச்சுத் தடுப்பு’ டாலர் வேறு விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள், குழந்தைகள் கழுத்தில் கட்டாதீர்கள். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட 10 பொருட்களில் கதிரியக்கம் இருப்பதைக் கண்டுபிடித்து, அணிய வேண்டாம் என்று எச்சரித்தது. வீட்டில் ஏற்கெனவே இருந்தால் கழற்றி, எங்களைப் போன்ற ஒரு பிரிவுக்குக் கொண்டுவாருங்கள். கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரை வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. சிகிச்சைக்குப் படுக்கும்போது எந்த டாலரும் உடம்பில் இருக்கக் கூடாது.

செய்தி வந்தால் அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள். கரண்ட் வைக்கும் நாளை நீங்களாகத் தள்ளிப்போடவே போடாதீர்கள். இடைவெளி விழுந்தால் மிச்சமிருக்கும் புற்றணுக்கள் மறுபடி பெருகும். தலை-கழுத்து, கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் இது ரொம்பவே கெடுதல். சந்தேகம் இருந்தால் டெக்னீஷியனிடம் கேளுங்கள், என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள், வந்து சொல்கிறேன்.

ஏற்கெனவே நாள் தவறியிருந்தால் தயங்கி வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள் அம்மா. நாளைக் காலையே வாருங்கள். விட்ட நாட்களை எப்படி ஈடுகட்டலாம் என்று டாக்டரும் நாங்களும் உட்கார்ந்து கணக்குப் போடுகிறோம். யாரும் உங்களைத் திட்ட மாட்டோம்.