குன்றைப் பூசிக்கொண்ட ரூசியோன்

தென் பிரான்ஸின் லூபெரோன் பகுதியில் குன்றின்மேல் குடியேறிய ஊர்கள் பல. அவற்றுள் கோர்த் வெளிர் சுண்ணாம்புக்கல்லின் நிறம். பக்கத்திலேயே இருக்கும் ரூசியோனிலோ சுவரெல்லாம் மஞ்சள், ஆரஞ்சு, செங்காவி. அந்த நிறத்தை யாரும் வெளியூரிலிருந்து கொண்டுவரவில்லை. ஊர் நிற்கும் குன்றே காவிமண்.

வியப்பு என்னவென்றால், இந்தச் சிவப்பு முதலில் பச்சையாக இருந்தது. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கடலடியில் கிடந்தது. அங்கே படிந்த மணலில் கிளாக்கோனைட் என்ற, இரும்பு கலந்த பச்சைக் கனிமம் நிறைந்திருந்தது. பின்னர் கடல் விலகியது. வெப்பமண்டல மழை பல காலம் மண்ணில் ஊறி இறங்கி அந்தக் கனிமத்தைச் சிதைத்தது. பொட்டாசியம் கரைந்து போயிற்று. குவார்ட்ஸ் மணலும் கயோலின் என்ற வெண்களிமண்ணும், ஆக்சிஜனோடு சேர்ந்த இரும்பும் எஞ்சின. அந்த இரும்பு தன்னுள் நீரைப் பிணைத்துக்கொண்டால் மஞ்சள் கோதைட். நீர் இல்லாவிட்டால் சிவப்பு ஹேமடைட். ஒரே சரிவில் இத்தனை சாயல்கள் தெரிவது இவ்விரண்டின் கலப்பு விகிதத்தால்தான்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரூசியோன்காரரான ழான்-எதியேன் அஸ்தியே இந்தக் காவிமண்ணை வண்ணப்பொடியாக்கும் தொழிலைத் தொடங்கினார். வெட்டியெடுக்கும் மண்ணில் பெரும்பங்கு வெறும் மணல். அதைத் தண்ணீரில் கரைத்து ஓடவிட்டால் மணல் முதலில் அடியில் தங்கும். நுண்ணிய காவி மட்டும் நீரோடு போய்த் தொட்டிகளில் படியும். நீரை வடித்து, வெயிலில் காயவைத்து, அரைப்பார்கள். சிவப்பு வேண்டுமானால் அரைக்குமுன் சூளையில் சுட வேண்டும். சில நூறு டிகிரி வெப்பத்தில் கோதைட் தன் நீரை இழந்து ஹேமடைட்டாகிவிடும். மழை நெடுங்காலம் எடுத்துச் செய்த வேலையின் கடைசிப் படியை மனிதர் அடுப்பில் முடித்தார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

கரிமச் சாயங்களின் மூலக்கூறுகளை வெயிலின் புறஊதாக் கதிர் உடைத்து வெளிறச் செய்யும். காவியில் இருப்பதோ ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் முடிந்த இரும்பு. லூபெரோன் அடங்கிய புரோவான்ஸ் வட்டாரத்தின் வெயிலுக்கு அது அசையாது. சுண்ணாம்புச் சாந்தோடு கலந்து பூசும்போது, சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி மறுபடி கல்லாகும்; நிறத்துகள்களும் அதற்குள் இறுகிக்கொள்ளும்.

20ஆம் நூற்றாண்டில் செயற்கை நிறமிகள் மலிவாக வந்து இத்தொழிலை ஒடுக்கின. காவி தயாரித்த பழைய மத்யூ ஆலை இன்று செய்முறையைக் காட்டும் இடமாக இருக்கிறது. கைவிடப்பட்ட சுரங்கச் சரிவுகளில் நடைபாதை அமைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு பிடி மண் எடுப்பதற்கும் தடை. மணல் இறுக்கமின்றி இருப்பதால் ஒவ்வொரு மழையும் குன்றைக் கொஞ்சம் அரித்துச் செல்கிறது.