கவ்சக் சாச்சா: வாழ்காடு

ஈக்வடார் நாட்டின் அமேசான் பகுதியில், பஸ்தாசா மாகாணத்தில் ஓடும் போபோனாசா ஆற்றங்கரையில் சரயாகு என்ற ஊர் இருக்கிறது. 'சரா' என்றால் மக்காச்சோளம், 'யாகு' என்றால் ஆறு. அங்கு வாழும் கிச்வா மக்கள் தங்கள் காட்டுக்கு வைத்திருக்கும் பெயர் 'கவ்சக் சாச்சா'. 2018-இல் அவர்கள் இந்தப் பெயரிலேயே ஒரு பிரகடனத்தை வெளியிட்டார்கள். மழைக்காடுகளைக் காப்பது பற்றிப் பேசும் எவரும் இந்தச் சொல்லை ஒருமுறையாவது சந்திக்க வேண்டியிருக்கிறது. 'உயிருள்ள காடு' என்று அவசரமாக மொழிபெயர்த்துவிட்டு நகர்ந்தால் சொல்லின் பாதிப் பொருள் உதிர்ந்துவிடும்.

கிச்வா என்பது ஆண்டிஸ் மலைத்தொடர் நெடுகப் பேசப்படும் கெச்சுவா மொழிக் குடும்பத்தின் ஈக்வடார்க் கிளை. அதில் 'கவ்சனா' என்றால் வாழ்தல். வினையடியோடு 'க்' என்ற விகுதி சேர்ந்தால் அந்த வினையைச் செய்பவரைக் குறிக்கும். 'யாச்சனா' அறிதல், 'யாச்சக்' அறிந்தவர், அதாவது நோய் தீர்ப்பவரும் காட்டின் ஆற்றல்களோடு பேசத் தெரிந்தவருமான பெரியவர். அதே வாய்ப்பாட்டில் 'கவ்சக்' என்பது வாழ்வதை, வாழ்பவரைச் சுட்டுகிறது. காட்டுக்கு இருக்கும் ஒரு பண்பை அது சொல்லவில்லை. காடு செய்துகொண்டிருக்கும் ஒரு வினையைச் சொல்கிறது. ஈக்வடாரின் 2008 அரசியலமைப்பில் இடம்பெற்ற 'சுமக் கவ்சய்', அதாவது நல்வாழ்வு, என்ற தொடரும் இதே வேரில் முளைத்ததுதான்.

'சாச்சா' என்பதன் பொருள் இடத்துக்கு இடம் மாறுகிறது. பெரு நாட்டின் தென்பகுதியில், கூஸ்கோ வட்டாரக் கெச்சுவாவில் அதன் உறவுச் சொல் மரத்தைக் குறிக்கிறது. ஈக்வடார்க் கிச்வாவில் காட்டைக் குறிக்கிறது. வேறு பெயரோடு முன்னொட்டாகச் சேர்ந்தால் 'காட்டு' என்று பொருள்படும். உலகெங்கும் எண்ணெய்க்காக விற்கப்படும் 'சாச்சா இஞ்சி' என்ற விதைக்கு நம் இஞ்சியோடு தொடர்பில்லை. அந்தப் பெயருக்குக் 'காட்டு வேர்க்கடலை' என்றுதான் பொருள்.

இனி, காடு வாழ்கிறது என்று சொல்லும்போது சரயாகு மக்கள் எதைச் சொல்கிறார்கள்? மரமும் பூச்சியும் உயிருள்ளவை என்பதை மட்டும் அல்ல. அது எந்தப் பாடநூலிலும் இருக்கிறது. அவர்களின் பிரகடனம் காட்டை உணர்வுள்ள ஓர் உயிராக, உரிமைகள் உடையவராக அறிவிக்கிறது. மிகச் சிறியவை முதல் மிகப் பெரியவை வரை காட்டிலுள்ள எல்லா உயிர்களும் சேர்ந்ததே அந்த உயிர். காட்டையும் விலங்குகளையும் காவல் ஆவியாகிய அமசங்கா காக்கிறார். மண்ணையும் தோட்டத்தையும் நுங்குலி என்ற இன்னொரு காவல் ஆவி காக்கிறார். ஏரி, அருவி, சதுப்பு நிலம், பெருமரம் ஆகியவை இத்தகைய காவலர்களின் வீடுகள். அந்த வீட்டை அழித்தால் காவலர் போய்விடுவார்; காவலர் போனால் விலங்கும் மீனும் மருந்தும் போய்விடும். இதைக் கதை என்று ஒதுக்குவது எளிது. ஆனால், எந்த ஏரியைத் தொந்தரவு செய்யக் கூடாது, எங்கே வேட்டையாடக் கூடாது என்ற நடைமுறை அறிவு முழுவதும் இந்த உறவின் வழியாகவே கைமாறி வந்திருக்கிறது. விடியுமுன் எழுந்து, வயூசா என்ற மரத்தின் இலையைக் காய்ச்சிய நீரைக் குடித்தபடி, இரவில் கண்ட கனவுகளைப் பேசி அன்றைய வேலையை முடிவு செய்வது அமேசான் கிச்வா குடும்பங்களின் வழக்கம். காட்டைக் கவனிக்கும் பயிற்சி அங்கே தொடங்குகிறது.

இந்தச் சொல் உலக அரங்குக்கு வந்த பாதை வலி நிறைந்தது. 1996-இல் ஈக்வடார் அரசு, சரயாகுவின் நிலத்தில் பெரும்பகுதியை உள்ளடக்கிய ஓர் எண்ணெய்த் தேடல் பகுதியை அர்ஜென்டினாவைச் சேர்ந்த நிறுவனம் ஒன்றுக்கு ஒப்பந்தத்தில் கொடுத்தது. மக்களிடம் முறையாகக் கேட்கவில்லை. 2002, 2003 ஆண்டுகளில் எண்ணெய் தேடும் நில அதிர்வு ஆய்வுக்காக அந்த நிறுவனத்தார் காட்டைத் துளைத்து 1,400 கிலோவுக்கும் மேற்பட்ட வெடிமருந்தை மண்ணுக்குள் விட்டுச் சென்றார்கள். ஒரு யாச்சக்குக்கு மருத்துவ ஆற்றல் தந்ததாகச் சொல்லப்பட்ட லிஸ்புங்கு மரமும் வெட்டப்பட்டது. வழக்கு அமெரிக்க நாடுகளுக்கிடையேயான மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 2012 ஏப்ரலில் நீதிபதிகள் சரயாகுவுக்கே நேரில் வந்தார்கள். ஜூன் மாதத் தீர்ப்பு மக்கள் பக்கம் நின்றது: கலந்தாலோசிக்கப்படும் உரிமை, கூட்டுச் சொத்துரிமை, பண்பாட்டு அடையாளத்துக்கான உரிமை மூன்றையும் அரசு மீறியிருக்கிறது. வெடிமருந்தை அகற்றுமாறும் நீதிமன்றம் உத்தரவிட்டது. பல ஆண்டுகள் கழித்தும் அது மண்ணுக்குள்ளேயே கிடந்தது. 2015-இல் பாரிஸில் நடந்த காலநிலை மாநாட்டுக்குச் சரயாகு மக்கள் தங்கள் கையால் செதுக்கிய படகொன்றைக் கொண்டுசென்று, வாழும் காடு என்ற கருத்தை முன்வைத்தார்கள்.

ஈக்வடார் அரசியலமைப்பு இயற்கைக்கு உரிமைகள் உண்டு என்கிறது; நிலத்தடி எண்ணெய் அரசின் சொத்து என்றும் அதே அரசியலமைப்பு சொல்கிறது. கவ்சக் சாச்சா இந்த இடைவெளியைத்தான் குறிவைக்கிறது. அரசு அதிகாரிகள் நிர்வகிக்கும் தேசியப் பூங்கா சரயாகு மக்களுக்கு வேண்டாம். எண்ணெய், கனிமம், மரம் எதையும் சூறையாட முடியாத, அங்கு வாழ்பவர்களே பேணும் நிலம் என்ற புதிய சட்ட வகையைக் கேட்கிறார்கள். ஆகவே இதை வெறும் கவித்துவச் சொல்லாகக் கையாள்வது அவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன். இது ஒரு கோரிக்கையின் பெயர்.

'மழைக்காடு' என்ற சொல் இதற்கு ஈடாகாது. அது 1898-இல் ஆந்திரெயாஸ் ஷிம்பர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் வழக்குக்குக் கொண்டுவந்த சொல்லின் நேர்ப்பெயர்ப்பு. காட்டை மழையைக் கொண்டு வகைப்படுத்துகிறது. அறிவியலுக்கு அது தேவை, அங்கேயே இருக்கட்டும்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'உயிருள்ள காடு' என்றால் உயிரற்ற காடும் உண்டோ என்ற கேள்வி எழும். 'உள்ள' என்பது வெறும் இருப்பைத்தான் காட்டுகிறது. 'உயிர்க்காடு' இனிமையானது, ஆனால் அதில் வினை இல்லை. 'வாழும் காடு' சரியானது, செய்திக்கு ஏற்றது. கலைச்சொல்லாக நான் பரிந்துரைப்பது 'வாழ்காடு'. வினைத்தொகையாதலால் வாழ்ந்த, வாழ்கின்ற, வாழும் என்ற மூன்று காலமும் அதற்குள் அடங்குகின்றன. கிச்வாவின் 'கவ்சக்' என்ற சொல்லும் காலம் காட்டுவதில்லை. வல்லினம் மிகாது என்பதால் 'வாழ்க்காடு' என்று எழுதுவது பிழை. சுடுகாடு, இடுகாடு என்ற சொற்களின் சாயல் சிலர் காதில் உறுத்தலாம். வாழ்நாள், வாழிடம் என்ற சொற்கள் ஏற்கெனவே பழகியிருப்பதால் அந்த உறுத்தல் நீடிக்காது.

இன்னொரு மறுப்பும் எழக்கூடும். வாழ்நாள் என்பது நாம் வாழும் நாள், நாள் வாழ்வதில்லை. அப்படியே வாழ்காடு என்பதும் 'உயிர்கள் வாழும் இடமாகிய காடு' என்று பொருள்படாதா? படும். கிச்வாச் சொல்லிலோ வாழ்வது காடே என்பதில் ஐயமில்லை. ஆனாலும் சரயாகு மக்கள் குடியிருப்பவரையும் வீட்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அங்கு வாழ்பவர்கள் எல்லாரும் சேர்ந்ததுதான் வாழ்கிற காடு. இரு பொருளும் ஒரே சொல்லில் நிற்பது இங்கே நன்மைக்கே.

வாழ்காட்டை எந்தத் திணையில் எழுதுவது? 'அவர்' என்று எழுதத் தேவையில்லை. குழந்தை சிரித்தது, தெய்வம் காத்தது என்று அஃறிணை முடிபில் சொல்லும்போது குழந்தையின் ஆளுமையோ தெய்வத்தின் பெருமையோ குறைவதில்லை. வாழ்காடு கேட்கிறது, வாழ்காடு மறுத்தது என்று காட்டையே எழுவாயாக்கி, மனிதர்க்குரிய வினைகளைத் தயங்காமல் கொடுத்து எழுதினால் போதும்.