சொல் விளக்கம்: நாத்திகம்

வடமொழியின் ‘நாஸ்திகம்’ தமிழில் நாத்திகம் ஆயிற்று. ‘ந அஸ்தி’, அதாவது ‘இல்லை’ என்பதிலிருந்து பிறந்த சொல். ‘அஸ்தி’, உண்டு என்பதிலிருந்து ஆத்திகம் வந்தது. அகராதி இத்துடன் முடித்துக்கொள்ளும். ஆனால் எது இல்லை? சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கடவுளைப் பற்றிய பேச்சே கிடையாது.

எது இல்லை என்பதை வடமொழி இலக்கணம் வகுத்த பாணினியும் சொல்லவில்லை. உண்டு என்னும் கருத்துடையவன் ஆஸ்திகன், இல்லை என்னும் கருத்துடையவன் நாஸ்திகன் என்று ஒரு சூத்திரத்தில் (4.4.60) சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். பின்னால் வந்த காசிகை உரைதான் அந்த வெற்றிடத்தில் மறுவுலகத்தை வைக்கிறது. மனுவோ அங்கே வேதத்தை வைக்கிறார்: வேதத்தை இகழ்பவனே நாஸ்திகன். இந்தக் கணக்கின்படி, வேதத்தை முழுதாக ஏற்று, உலகைப் படைத்த ஈசுவரன் ஒருவன் தேவையில்லை என்ற மீமாம்சகர் ஆத்திகர்; எத்தனை நோன்பு நோற்றாலும் சமணர் நாத்திகர். கடவுள் மட்டும் இல்லை என்ற கருத்துக்குப் பழைய சமய நூல்களில் தனிச்சொல் இருந்தது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிற கொள்கைகளை மறுக்கும் பரபக்கம் என்ற பகுதியில், கண்ணால் காணும் உலகை மட்டுமே ஏற்கும் உலகாயதனுக்கு ஓர் இடம், ‘நிரீச்சுர சாங்கியன்’ என்பவனுக்கு வேறோர் இடம். நிரீச்சுரம் என்றால் ஈசுவரன் இன்மை. துல்லியமான சொல்தான்; வழக்கில் நிற்கவில்லை.

ஆக, ‘இல்லை’க்கு முன்னால் யாரோ ஒருவர் ‘உண்டு’ என்று சொல்லியிருக்க வேண்டும். அதைப் பெரும்பாலும் வீடுதான் முதலில் சொல்கிறது. வளர்ந்தபின் ஒருவர் நாத்திகத்தைக் கண்டு அஞ்சுகிறாரா, சினக்கிறாரா, சிரித்துவிட்டுப் போகிறாரா என்பதில், அந்த வீட்டின் ‘உண்டு’ எப்படிப்பட்டது என்பதற்குப் பெரும் பங்கு இருக்கிறது.

திருவாசகத்தின் போற்றித் திருவகவலில் இச்சொல் வருகிறது: ‘ஆத்தம் ஆனார் அயலவர் கூடி / நாத்திகம் பேசி நாத்தழும்பு ஏறினர்’. பேசுகிறவர்களில் அயலாருக்கு முன்னால் நெருங்கியவர்கள் நிற்கிறார்கள் என்பது ஒன்று. அதைவிட எனக்குச் சுவையாகப் படுவது வினைச்சொல். மாணிக்கவாசகர் காலத்திலிருந்து இன்றுவரை தமிழில் நாத்திகம் ‘பேச’ப்படுகிறது. சைவ, வைணவ வீடுகள் பலவற்றில் இன்றும் நடைமுறை இதுதான். மகன் மனத்துக்குள் என்ன நினைக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் போதும், குலதெய்வக் கோயிலில் வரிசையில் நின்றால் போதும். வாய் திறந்தால்தான் ‘நாத்திகம் பேசாதே’ என்ற குரல் எழும். இப்படி வளர்ந்தவர்களுக்கு நம்பிக்கை கழன்று விழுவது எளிது. விழுந்ததை அறிவிப்பதுதான் கடினம். ஐம்பது வயதிலும் திருநீறு பூசிக்கொண்டு, உள்ளுக்குள் ஒன்றும் நம்பாமல், யாரையும் ஏமாற்றுகிறோம் என்ற உறுத்தலே இல்லாமல் இருப்பவர்கள் எத்தனையோ பேர்.

கிறிஸ்தவ வீட்டில் கதை வேறு. ‘தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்’ என்கிறது 14ஆம் சங்கீதம். இங்கே பேச வேண்டியதில்லை. இருதயத்தில் சொல்லிக்கொண்டாலே போதும். ஞாயிறு பள்ளியில் இதை மனப்பாடம் செய்த பிள்ளை, பிற்காலத்தில் ஐயம் வரும்போது ஊரை நினைத்து வெட்கப்படுவதற்கு முன் தன்னையே குற்றவாளியாகப் பார்க்கிறது. திருக்குறளிலும் இதற்கு இணையான ஒரு வசை உண்டு: ‘உலகத்தார் உண்டென்பது இல்லென்பான் வையத்து / அலகையா வைக்கப் படும்’ (850). அலகை என்றால் பேய். ஆனால் குறளின் அளவுகோல் உலகத்தார். அந்த ‘உண்டு’ எது என்றுகூட வள்ளுவர் சொல்லவில்லை. கடவுள், மறுபிறப்பு, இருவினைப்பயன் என்று பட்டியல் போட்டவர் பரிமேலழகர்.

வளர்ப்பு எவ்வளவு ஆழமாக வேலை செய்கிறது என்பதற்கு பகத் சிங் நல்ல சான்று. ஆரிய சமாஜப் பற்றுள்ள குடும்பம். லாகூரில் பள்ளி விடுதியில் இருந்தபோது காலை மாலைப் பிரார்த்தனை போக, மணிக்கணக்கில் காயத்ரி மந்திரம் சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். கடவுளை மறுத்தது அகந்தையால் அல்ல என்று விளக்கி 1930இல் சிறையிலிருந்து அவர் எழுதிய கட்டுரை, மந்திரம் சொன்ன பிள்ளை எழுதியது என்பது வரிக்கு வரி தெரியும். எதை விட்டு வெளியே வந்தார் என்பதை அவர் உள்ளிருந்து அறிந்திருந்தார். 1930களில் ப. ஜீவானந்தம் அதைத் தமிழாக்கினார். அதற்காகச் சிறைக்கும் போனார். பெரியாரும் வைணவப் பற்று மிகுந்த வணிகக் குடும்பத்துப் பிள்ளை. வீட்டுக்கு வந்த புலவர்களை மடக்கிக் கேள்வி கேட்டுப் பழகியவர். ‘கடவுள் இல்லை, கடவுள் இல்லை, கடவுள் இல்லவே இல்லை’ என்று மூன்று முறை அடித்துச் சொல்ல வேண்டியிருப்பது, மூன்று முறைக்கு மேல் ‘உண்டு’ என்று கேட்டு வளர்ந்தவருக்குத்தான்.

தமிழ் நிகரிகளுக்கு வருவோம். ‘கடவுள் மறுப்பு’, ‘இறைமறுப்பு’ இரண்டும் நன்றாக நிலைபெற்றவை. ஆனால் மறுப்பு ஒரு செயல். சுயமரியாதை இயக்கக் குடும்பத்தில் மூன்றாம் தலைமுறையாகப் பிறந்து, பூசையறையே இல்லாத வீட்டில் வளர்ந்த ஒரு பெண் எதை மறுக்கிறாள்? அவளுக்குப் பொருந்துவது ‘இறைநம்பிக்கையின்மை’. நீளம்தான், பொருள் சரி. இன்னொரு சிக்கல்: தமிழில் வந்த குர்ஆன் மொழிபெயர்ப்புகளிலும் விளக்கங்களிலும் ‘காஃபிர்’ என்பதற்கு ‘இறைமறுப்பாளர்’ என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. அங்கே அது கடவுளே இல்லை என்பவரை மட்டும் குறிப்பதில்லை. ஆகவே முஸ்லிம் வீட்டில் வளர்ந்த வாசகர் ‘இறைமறுப்பு’ என்று படிக்கும்போது வேறொரு கனம் ஏறிவிடும். பொதுக் கட்டுரைகளுக்கு நான் ‘கடவுள் மறுப்பு’ என்பதையே பரிந்துரைப்பேன்.

‘பகுத்தறிவு’ நிகர்ச்சொல் ஆகாது. அது ஆராயும் முறையின் பெயர், முடிவின் பெயர் அன்று. மேடையில் இரண்டும் ஒன்றாகப் புழங்குவது இயக்க வரலாற்றால் வந்தது.

நாத்திகம் என்பதையே எழுதினாலும் பிழையில்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேல் தமிழில் புழங்கிய சொல்லை அயலாக ஒதுக்குவது வீண் பிடிவாதம். எழுத்துக்கூட்டல் மட்டும் கவனம்: ‘நாத்தீகம்’ என்று நெடில் போடுவது பரவலாக இருக்கிறது. மூலத்தில் குறில், திருவாசகத்திலும் குறில்தான். நாத்திகம், நாத்திகர், ஆத்திகம், ஆத்திகர் என்றே எழுதுக.