'வரலாம்' வேறு, 'வரும்' வேறு

இந்த மாதத்தில் இது மூன்றாவது. மாடல் செக்கர் (டிசைன் போகக்கூடிய எல்லா நிலைகளையும் அலசி, நாம் எழுதும் சூத்திரம் பொருந்துகிறதா என்று பார்க்கும் டூல்) 'சரி' என்று சொன்ன டிசைன், போர்டில் ஏற்றியதும் ஹேங் ஆகிறது. கொண்டுவந்த தம்பி கேட்கிறான்: "அண்ணா, ஏஜி ஈஎஃப் ஐடில் பாஸ் ஆச்சே! எப்படியும் ஐடிலுக்கு, அந்த ஓய்வு நிலைக்குத் திரும்பிடணுமே?"

திரும்பணும் என்று யார் சொன்னது? திரும்பலாம் என்றுதான் அந்தச் சூத்திரம் சொல்கிறது.

எட்மண்ட் கிளார்க்கும் ஆலன் எமர்சனும் 1981-இல் தந்த சிடிஎல், அதாவது இந்தச் சூத்திரங்களை எழுதும் தர்க்க மொழி, எதிர்காலத்தைக் கிளைவிடும் மரமாகப் பார்க்கிறது. (மாடல் செக்கிங்குக்காக ஜோசஃப் சிஃபாகிஸோடு சேர்த்து 2007-க்கான டூரிங் விருது.) ஏ என்றால் எல்லாக் கிளையிலும், ஈ என்றால் ஏதோ ஒரு கிளையில். ஜி எப்போதும், எஃப் என்றாவது. ஆக ஏஜி ஈஎஃப் ஐடில் என்றால், எந்த நிலையில் இருந்தாலும் ஐடிலுக்குப் போகும் கிளை ஒன்றாவது உண்டு. எல்லாருக்கும் தெரியும். தெரிந்தேதான் தப்பு செய்கிறார்கள்.

தம்பியின் கண்ட்ரோலர் பிழை வந்தால் ரீட்ரை செய்யும். ஜெயித்தால் ஐடில், தோற்றால் மறுபடி ரீட்ரை. ஜெயிக்கும் கிளை எந்த நிலையிலும் ஒன்று இருக்கிறது, சூத்திரம் பாஸ். தோற்றுக்கொண்டே சுற்றும் கிளையும் இருக்கிறது. போர்டு அதில்தான் சுற்றியது. 'பஸ் வரலாம்' என்று சொன்னால் ஸ்டாப்பில் நிற்கும் எவரும் டிக்கெட்டுக்குச் சில்லறை எடுப்பதில்லை. சூத்திரத்தில் வந்தால் மட்டும் நம்பிவிடுகிறோம்.

ஈஎஃப் வீண் என்று சொல்லவில்லை. 'எங்கே சிக்கினாலும் ரீசெட்டுக்கு ஒரு வழி உண்டு' என்பதை, கிளைகளைப் பார்க்காமல் ஒவ்வொரு பாதையையும் தனித்தனியாகப் பார்க்கும் எல்டிஎல் மொழியில் எழுதவே முடியாது, அதற்கு இதுதான் வேண்டும். ஆனால் வழி உண்டு என்பதை வந்துசேரும் என்று படிக்காதீர்கள்.

வந்துசேர வேண்டுமா? ஏஜி ஏஎஃப் ஐடில் எழுதுங்கள்: எங்கிருந்தாலும், எல்லாக் கிளையிலும் என்றாவது ஐடில். ஃபெயில் ஆகும். டூலைத் திட்டாமல், சூத்திரம் உடையும் பாதையாக அது தரும் எதிர் உதாரணத்தைத் திறந்து அந்தச் சுழலைப் பாருங்கள். நிஜ ஹார்டுவேரில் நடக்கக்கூடியது என்றால் ரீட்ரைக்கு வரம்பு வைத்து, தாண்டினால் பிழைக்கொடியோடு ஐடிலுக்கு அனுப்புங்கள். நடக்கவே நடக்காது என்றால் மட்டும் ஃபேர்னஸ் நிபந்தனை, அதாவது அந்த மாதிரிப் பாதையைக் கணக்கில் எடுக்காதே என்று டூலிடம் சொல்வது. பாஸ் ஆகும்வரை ஃபேர்னஸ் சேர்ப்பது, பூச்சி இருக்கும் கிளையை வெட்டிவிட்டு மரம் நன்றாக இருக்கிறது என்பதுதான்.

இன்னொன்று, தயவுசெய்து. 'கோரிக்கை வந்தால் பதில் வரும்' என்பது, கோரிக்கையே எழாத மாடலிலும் பாஸ் ஆகும். அதனால் முதலில் 'கோரிக்கை ஒருபோதும் வராது' என்று வேண்டுமென்றே ஒன்று எழுதி ஓட்டுங்கள். அது ஃபெயில் ஆக வேண்டும். கோரிக்கை எழும் பாதையையும் டூலே காட்டிவிடும். போன வாரம் ஒரு டிசைனில் பதினான்கு சூத்திரமும் பாஸ். இதையும் ஓட்டச் சொன்னேன். அதுவும் பாஸ். மாடலில் ரீசெட் சிக்னல் முதல் நொடியிலிருந்து ஆனிலேயே இருந்திருக்கிறது, அதனால் கோரிக்கையே எழவில்லை.