செவ்வாய்க்கிழமை வயிற்றுவலி

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா, எட்டு வயதுப் பையனை அழைத்து வந்திருந்தார். மூன்று மாதமாக வயிற்றுவலி. பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, மந்திரித்தாயிற்று, ஸ்கேனும் எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல். "பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்கிறான் டாக்டரம்மா" என்றார். எந்த நாளில் வலி அதிகம் என்று கேட்டேன். "செவ்வாய்க்கிழமைதான்..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். செவ்வாய்தான் குழுக் கடன் தவணைக்கு ஆள் வரும் நாள். சம்பா மழையில் மூழ்கியதிலிருந்து தவணை தவறுகிறது. காலையிலேயே வாசலில் சத்தம், அவர்கள் போனதும் வீட்டுக்குள் சண்டை. அவ்வளவு நேரமும் பையன் கொல்லையில் மாட்டுக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருப்பானாம்.

அந்த வலி பொய்யில்லை. பயந்தால் உடம்பில் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், குடலின் அசைவு மாறும். நாய் துரத்தினால் ஓடித் தப்பிக்க உடம்பு செய்துவைத்திருக்கும் ஏற்பாடு அது, நாய் போனதும் அடங்கிவிடும். பயம் வீட்டிலேயே குடியிருந்தால் எப்படி அடங்கும்? தூக்கம் கெடும், எப்போதோ நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வரும், வீசிங் கூடும், பாடம் மனதில் நிற்காது.

1998-இல் அமெரிக்காவில் ஃபெலிட்டி, அண்டா என்ற மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் அடி, வீட்டில் வன்முறை, குடி போன்ற கொடுமைகளில் நான்கு வகையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு மட்டுமல்ல, இதயநோயும் நுரையீரல் நோயும்கூட அதிகம் இருந்தது தெரியவந்தது. இது தலையெழுத்து இல்லை. நம்பிச் சாய ஒரு பெரியவர் இருந்தாலே குழந்தை பெருமளவு தாங்கிக்கொள்ளும்.

2018-இல் கஜா புயலுக்குப் பிறகு, காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே அம்மா மடியை விட்டு இறங்காத குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். அதை எல்லாரும் புரிந்துகொண்டார்கள். வாராவாரம் வாசலில் நடப்பதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவது, மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, காய்ச்சல் இருந்தால் கட்டாயம் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும். இவனுக்கு அதெல்லாம் இல்லை. அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "என்ன தம்பி பயம்?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் கழித்து, "அப்பாவ போலீஸ் புடிச்சிட்டுப் போயிடுமா?" என்றான். வீட்டில் யாருமே அவனிடம் எதையும் விளக்கியிருக்கவில்லை.

சரி, மாத்திரை எழுதவில்லை. அடுத்த முறை அப்பாவையும் வரச்சொன்னேன். "கடன் எங்க பொறுப்புடா, உன்னால வந்தது இல்ல, அப்பா எங்கயும் போகமாட்டேன்" என்று அவர் வாயாலேயே சொல்லவைத்தேன். வெளியில் பேசத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கோ, குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ அழைக்கலாம், கட்டணம் கிடையாது.

கடன் இன்னும் தீரவில்லை. திங்கள் ராத்திரியே அப்பா அவனை சைக்கிளில் கொண்டுபோய் அத்தை வீட்டில் விட்டுவிடுகிறார், மறுநாள் அங்கிருந்தே பள்ளிக்கூடம். வலி இப்போது எப்போதாவதுதான் வருகிறதாம்.